போனில் டாக்டர், கூரியரில் ஊசி: நம்பலாமா?

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

உடம்பு இளைக்க ஆன்லைனில் டாக்டர் பார்த்து வாரம் ஒரு ஊசி அனுப்புகிறார்களே, அது சரியா என்று கேட்டு நிறைய கடிதங்கள். ஊர்ப் பெயர் மட்டும் போதும் என்று பலர் கேட்டிருப்பதால் யாருடைய பெயரும் இங்கே இல்லை.

கேள்வி: எனக்கு 38 வயது. உயரம் 156 செ.மீ., எடை 84 கிலோ. நாலு வருஷமாகச் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். இன்ஸ்டாவில் ஒரு ஆப் விளம்பரம் பார்த்தேன். வயது, உயரம், எடை போட்டதும் ஐந்து நிமிஷத்தில் ‘டாக்டர் அப்ரூவ் செய்துவிட்டார், மூன்று மாதத்தில் 15 கிலோ குறையும், இன்று இரவுக்குள் பணம் கட்டினால் தள்ளுபடி’ என்று வந்தது. வேலூருக்குப் போய் டாக்டரைப் பார்ப்பதென்றால் ஒரு நாள் கூலி போகிறது. இந்த ஆப்பை நம்பலாமா?
— வாசகி, குடியாத்தம்

பதில்: இந்த ஆப் வேண்டாம் அம்மா. உங்கள் சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் ஊசிக்குச் சம்மதம் சொன்ன டாக்டர் ஒருவர் நிஜமாகவே அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

ஆனால் போனில் டாக்டரைப் பார்ப்பதே தப்பு என்று சொல்லமாட்டேன். அதற்கு முறையான விதி இருக்கிறது. 2020 மார்ச் 25, ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், டெலிமெடிசின் வழிகாட்டு விதிகள் நாடு முழுவதற்கும் வந்தன. போன், வீடியோ, வாட்ஸ்அப் எதில் வேண்டுமானாலும் பதிவு பெற்ற டாக்டர் ஆலோசனை சொல்லலாம். ஆனால் முதல் தடவை பார்க்கும் நோயாளிக்கு, சீட்டில்லாமல் கிடைக்கிற சாதாரண மருந்தைத் தாண்டி எதையாவது எழுதுவதென்றால் வீடியோவில் பார்த்துத்தான் எழுத வேண்டும், வெறும் சாட்டில் எழுதக் கூடாது. மருந்துச் சீட்டில் டாக்டரின் பெயரும் மெடிக்கல் கவுன்சில் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ஆப் நடத்துகிறவர்களும் தங்களிடம் இருக்கும் ஒவ்வொரு டாக்டரின் பெயர், படிப்பு, பதிவு எண்ணை வெளியே காட்ட வேண்டும். செயற்கை நுண்ணறிவு டாக்டருக்கு உதவி செய்யலாம், அதுவே நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்றும் அந்த விதியில் தெளிவாகவே போட்டிருக்கிறது. உங்களுக்கு ஐந்து நிமிஷத்தில் வந்த ‘அப்ரூவல்’ இதில் எதற்குள்ளும் அடங்கவில்லை.

அதனால் எந்த ஆப்பாக இருந்தாலும் முதலில் டாக்டரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் வெப்சைட்டிலோ தேசிய மருத்துவ ஆணையத்தின் வெப்சைட்டிலோ அதைப் போட்டுப் பார்க்கலாம். வீட்டில் கல்லூரி போகிற பிள்ளை இருந்தால் உடனே பார்த்துச் சொல்லிவிடும். எண் தரத் தயங்கினாலோ, ‘எங்கள் மெடிக்கல் டீம் பார்த்துக்கொள்ளும்’ என்று மழுப்பினாலோ அங்கேயே விட்டுவிடுங்கள். ‘ஹெல்த் கோச்’, ‘வெல்னஸ் எக்ஸ்பர்ட்’ என்று போட்டுக்கொள்பவர்கள் சாப்பாட்டு ஆலோசனை சொல்லலாம், ஊசி எழுத முடியாது.

எண் சரியாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. அந்த டாக்டர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம். இப்போது பேசப்படும் ஊசிகள் இரண்டு. ஒன்று செமக்ளூடைட், அது வெகோவி, ஓஸெம்பிக் போன்ற பெயர்களில் வருவது. இன்னொன்று டிர்ஸெபடைட், அது மௌஞ்சாரோ. மௌஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியக் கடைகளுக்கு வந்தன. நல்ல மருந்துகள்தான், நானும் எழுதுகிறேன். ஆனால் எல்லோருக்கும் எழுதுவதில்லை. வீட்டில் யாருக்காவது மெடுல்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய் வந்திருந்தால் எழுதக் கூடாது. கணைய அழற்சி வந்தவர்களிடம் ரொம்ப யோசிக்க வேண்டும். பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும், வேகமாக இளைக்கும்போது அது வரவும் செய்யும். இன்னொரு குழந்தை எண்ணம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும், ஏனென்றால் செமக்ளூடைட் போடுகிறவர்கள் கருத்தரிக்கத் திட்டமிடுவதற்கு 2 மாதம் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும்.

உங்கள் விஷயத்தில் இன்னும் இருக்கிறது. சர்க்கரைக்கு என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. வெறும் மெட்ஃபார்மின் என்றால் அவ்வளவாகப் பயமில்லை. நம் ஊரில் நிறைய பேர் சாப்பிடும் கிளிமிபிரைடு கலந்த மாத்திரை என்றால், இந்த ஊசியும் சேரும்போது சர்க்கரை திடீரென்று இறங்கி, கை நடுங்கி, வியர்த்து, மயங்கி விழுகிற நிலை வரலாம், அதனால் மாத்திரை அளவை முன்கூட்டியே குறைக்க வேண்டும். எடை குறையக் குறைய பிரஷர் மாத்திரையும் அதிகமாகிப் போய் எழுந்து நின்றாலே தலை சுற்றும், அதையும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாலு வருஷச் சர்க்கரை என்பதால் விழித்திரையைச் சோதித்திருக்க வேண்டும், ஏற்கெனவே அங்கே பாதிப்பு இருந்தால் சர்க்கரை வேகமாக இறங்கும்போது அது மோசமாகலாம். மூன்று மாத சராசரிச் சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், ஈரல், தைராய்டு, இந்த ரத்தப் பரிசோதனை எதையும் பார்க்காமல் ஊசி எழுதுகிறவரிடம் நான் என் வீட்டு ஆளை அனுப்பமாட்டேன்.

15 கிலோ விஷயத்துக்கு வருவோம். 2021-இல் வெளியான பெரிய ஆய்வில், செமக்ளூடைடை முழு அளவில் 68 வாரம் போட்டவர்களுக்குச் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தது. ஆனால் அதில் சேர்ந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் கிடையாது. சர்க்கரை உள்ளவர்களிடம் தனியாகச் செய்த ஆய்வில் அதே 68 வாரத்தில் 9.6 சதவீதம்தான். உங்கள் 84 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் எட்டு கிலோ, அதுவும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். எட்டு கிலோ என்பது சின்ன விஷயமில்லை, சர்க்கரைக்கும் மூட்டுக்கும் நிஜமான நிம்மதி. ஆனால் மூன்று மாதத்தில் 15 கிலோ என்று விளம்பரம் போடுகிறவர் உங்களை ஏமாற்றுகிறார். இன்னொன்றையும் விளம்பரத்தில் சொல்லமாட்டார்கள். அந்த முதல் ஆய்வில் ஊசியை நிறுத்தியவர்களை ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. அப்படியிருக்க ‘மூன்று மாத பேக்கேஜ்’ முடிந்த பிறகு என்ன செய்வது? முழு அளவுக்குப் போகவே மாதங்கள் பிடிக்கும். செமக்ளூடைட் வாரத்துக்கு 0.25 மி.கி.யில் தொடங்கி, நாலு வாரத்துக்கு ஒரு படியாக 2.4 வரை போகும். டிர்ஸெபடைட் 2.5-இல் தொடங்கும். எடுத்ததுமே பெரிய அளவை அனுப்பினால் வாந்தியில் படுத்துவிடுவீர்கள்.

முன்பணம் வாங்குவது எனக்குப் பிடிக்காததற்கும் காரணம் இருக்கிறது. மூன்று மாதப் பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்ட பிறகு, ‘உங்களுக்கு இந்த ஊசி சரிப்படாது’ என்று சொல்ல அந்த டாக்டருக்கு எப்படி வாய் வரும்? வேண்டாம் என்று சொல்லக்கூடிய இடமாக இருந்தால்தான் அவர் ‘போடலாம்’ என்று சொல்வதற்கு அர்த்தம். அதனால் ஆலோசனைக் கட்டணம் தனி, மருந்து விலை தனி என்று இருக்கிற இடமாகப் பாருங்கள், மருந்தை எந்தக் கடையில் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்கிறார்களா என்றும் கேளுங்கள். பணம் கட்டும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவர்கள் எண்ணுக்கு போன் போட்டுப் பாருங்கள். யார் எடுக்கிறார்கள், எடுக்கிறார்களா என்று தெரிந்துவிடும். வாந்தி வாரநாளில் மட்டும் வரும் என்று எழுதி வைத்திருக்கவில்லை.

கூலி போகிற பிரச்சினைக்கு நான் சொல்வது இது. முதல் தடவை மட்டும் நேரில் போங்கள். குடியாத்தம் அரசு மருத்துவமனையில் சர்க்கரை, பிரஷர், ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துக்கொள்ளலாம். பெரிய இடம் வேண்டுமென்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி அல்லது வேலூர் சிஎம்சி மருத்துவமனை. அப்புறம் மாதா மாதம் பார்க்க வேண்டியதைப் போனில் வைத்துக்கொள்ள முடியுமா என்று அதே டாக்டரைக் கேளுங்கள். உங்கள் வழக்கமான டாக்டர் வாட்ஸ்அப் வீடியோவில் பார்ப்பதும் அதே விதிப்படி சட்டபூர்வமான டெலிமெடிசின்தான், அதற்கு ஒரு ஆப் நடுவில் தேவையே இல்லை. இ-சஞ்சீவனி என்ற அரசின் ஆன்லைன் டாக்டர் சேவையும் இருக்கிறது, இலவசம். அங்கே இந்த ஊசி கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆனால் கையில் இருக்கும் ரிப்போர்ட்டைக் காட்டிச் சந்தேகம் கேட்க நல்ல இடம்.

கேள்வி: வயது 29, உயரம் 172, எடை 73. தை மாதம் கல்யாணம். அதற்குள் எட்டு கிலோ குறைக்க வேண்டும். ஊசி பயம் என்பதால் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கோச் அனுப்பும், லேபிள் இல்லாத ஹெர்பல் கேப்ஸ்யூல் சாப்பிடுகிறேன். பசியே இல்லை, ஆனால் ராத்திரி தூக்கமும் இல்லை, நெஞ்சு படபடக்கிறது. மூலிகைதானே, தொடரலாமா?
— பெயர் வேண்டாம், ஆற்காடு

பதில்: இன்றோடு நிறுத்துங்கள் தம்பி. நாளைக்கு ஒரு டாக்டரிடம் போய் ஈசிஜி எடுத்து, பிரஷர் பாருங்கள், அந்த டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள்.

பசி அடியோடு போய், தூக்கம் கெட்டு, நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றால் அது மூலிகை செய்கிற வேலை மாதிரி தெரியவில்லை. சிபுட்ரமைன் என்று ஒரு மாத்திரை இருந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்து 2010-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதை எடுத்தார்கள், 2011-இல் இந்தியாவிலும் தடை செய்தார்கள். ‘நூறு சதவீதம் இயற்கை’ என்று விற்கும் இளைப்பு மாத்திரைகளில் அது கலந்திருப்பதைப் பல நாட்டுப் பரிசோதனைக் கூடங்கள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கின்றன. சிலவற்றில் தைராய்டு ஹார்மோன், சிலவற்றில் சிறுநீர் பிரிய வைக்கும் மருந்து. நீங்கள் சாப்பிட்டதில் எது இருக்கிறது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, லேபிளும் இல்லை என்பதால் உங்கள் கோச்சும் சொல்லமாட்டார். இத்தனைக்கும் உடல் பருமனுக்கு மருந்து என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டு சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் பருமனும் இருக்கிறது, தினமும் போனில் வருகிற விளம்பரங்களைப் பார்த்தால் யாரும் அதைப் படித்த மாதிரி தெரியவில்லை.

உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கான பிஎம்ஐ உங்களுக்கு 24.7. நம் ஊர்க்காரர்களுக்கு 23 தாண்டினால் கொஞ்சம் அதிகம் என்றுதான் கணக்கு, ஆனால் ஊசி போடுகிற அளவு இல்லை. பொதுவாக 30, அல்லது சர்க்கரை, பிரஷர் மாதிரி கூடவே ஏதாவது இருந்தால் 27, அதற்கு மேல்தான் அந்த ஊசிகளுக்கு அனுமதி. எந்த ஆப்பாவது உங்களுக்கு ஊசி தரச் சம்மதித்தால் அந்த ஆப்பின் லட்சணம் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பை அளந்து பாருங்கள், 90 செ.மீ. தாண்டியிருந்தால் ராத்திரி பரோட்டாவை விட்டுவிட்டு நடக்க ஆரம்பியுங்கள். தைக்குள் எட்டு கிலோ குறைகிறதோ இல்லையோ, சட்டை அளவு ஒன்று குறைந்தாலே போட்டோவில் தெரியும்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். கல்யாணமாகி ஒரு வருஷம். ஆன்லைன் கம்பெனி ஒன்றில் செமக்ளூடைட் சின்ன பாட்டிலில் வருகிறது, சிரிஞ்சில் இழுத்துப் போட்டுக்கொள்கிறாள், பேனா ஊசியைவிட ரொம்ப மலிவாம். எனக்கும் ஒரு பாட்டில் எடுத்து வருகிறேன் என்கிறாள். வாங்கிக்கொள்ளலாமா?
— ஓர் அம்மா, சத்துவாச்சாரி

பதில்: உங்களுக்கு வேண்டாம். அவள் பெயருக்கு எழுதிய மருந்து அது, உங்கள் ரத்தம் என்ன சொல்கிறது என்று அவளுக்கு எழுதியவருக்குத் தெரியாது.

மகளைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. பாட்டிலில் வருவது அங்கே சில மருந்தகங்கள் தாங்களே கலந்து தயாரிப்பது. ஊசிக்குத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் அதற்கு இடம் கொடுத்திருந்தார்கள். டிர்ஸெபடைடுக்குத் தட்டுப்பாடு தீர்ந்தது என்று 2024 டிசம்பரிலும், செமக்ளூடைடுக்கு 2025 பிப்ரவரியிலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அறிவித்துவிட்டது. அதன் பிறகு, ஒரு குறிப்பிட்ட நோயாளிக்குக் குறிப்பிட்ட காரணம் இருந்தால் தவிர, மருந்துக் கம்பெனி தயாரிக்கும் ஊசியின் நகலைக் கலந்து விற்க வழியில்லை. கலந்து செய்த மருந்தின் பாதுகாப்பையோ வீரியத்தையோ எஃப்டிஏ முன்கூட்டியே சோதிப்பதும் இல்லை. சிரிஞ்சில் யூனிட் கோடும் மருந்தில் மில்லிகிராம் கணக்கும் இருப்பதால் குழம்பிப் போய், போட வேண்டியதைவிட 5 முதல் 20 மடங்கு வரை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் உண்டு என்று 2024-இலேயே எச்சரித்திருக்கிறார்கள்.

அவளிடம் கேட்கச் சொல்ல வேண்டியவை: எழுதிய டாக்டருக்கு நியூ ஜெர்சி மாநில லைசென்ஸ் இருக்கிறதா, ஏனென்றால் அங்கே நோயாளி இருக்கிற மாநிலத்தில் பதிவு இருக்க வேண்டும். மருந்தகத்துக்கு லைசென்ஸ் இருக்கிறதா, அதை மாநில மருந்தக வாரியத்தின் வெப்சைட்டில் பார்க்கலாம். பாட்டிலில் ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தால் பேச்சே இல்லை, குப்பையில் போட வேண்டியதுதான். கல்யாணமாகி ஒரு வருஷம் என்கிறீர்கள், குழந்தைத் திட்டம் இருந்தால் 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும் என்பதை அந்தக் கம்பெனி சொன்னதா என்று கேளுங்கள். நாளைக்கு டிர்ஸெபடைடுக்கு மாறினால், தொடங்கிய முதல் 4 வாரமும் ஒவ்வொரு முறை அளவு கூட்டிய பிறகு 4 வாரமும் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது. அம்மாவாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: பணம் கட்டி இரண்டு ஊசி போட்டாகிவிட்டது. மூன்று நாளாக வாந்தி. ஆப்பில் கேட்டால் ‘தண்ணீர் நிறைய குடியுங்கள்’ என்று ஒரே பதில்தான் மாற்றி மாற்றி வருகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?
— வாசகர், வாலாஜா

பதில்: பணத்தை அப்புறம் பார்ப்போம். உங்கள் கடிதம் எனக்கு வந்து, அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் இது சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன், மற்றவர்களுக்காகவும் சேர்த்து எழுதுகிறேன். தொடர்ந்து வாந்தி, சிறுநீர் குறைவது, மேல்வயிற்றில் பிடித்து முதுகு வரைக்கும் போகிற கடும் வலி, இதில் எது வந்தாலும் ஆப்பில் டைப் செய்துகொண்டிருக்காமல் பக்கத்து அரசு மருத்துவமனை எமர்ஜென்சிக்குப் போங்கள். வலி கணையமாக இருக்கலாம், வாந்தியில் நீர்ச்சத்து போய்ச் சிறுநீரகம் அடிவாங்கலாம். ஊசிப் பேனா, பில், சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அடுத்த வார ஊசியை நேரில் ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை போடாதீர்கள்.

மருந்தின் பக்கவிளைவை நீங்களே அரசுக்குச் சொல்லலாம், 1800 180 3024 என்ற இலவச எண் அதற்குத்தான் இருக்கிறது. பணத்துக்கு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். டாக்டர் வீடியோவில் பார்க்கவே இல்லை, சீட்டில் பதிவு எண் இல்லை என்றால் அதை ஸ்கிரீன்ஷாட்டோடு சொல்லுங்கள், ‘இளைக்கவில்லை’ என்று சொல்வதைவிட அதற்கு எடை அதிகம். கிடைக்குமா என்றால், கட்டும் முன் விதிமுறையில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பொறுத்தது.

கேள்வி: மே மாதம் கூரியரில் வந்த பேனா ஊசி டப்பா வெதுவெதுப்பாக இருந்தது. ஐஸ் பேக்கும் உருகிவிட்டிருந்தது. ஃபிரீசரில் வைத்துவிட்டேன். போடலாமா?
— ஆசிரியை, திருப்பத்தூர்

பதில்: போடாதீர்கள். திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். வெளியே எத்தனை நாள் தாங்கும் என்பது பிராண்டுக்கு பிராண்ட் மாறும், உள்ளே இருக்கும் தாளில் போட்டிருக்கும், ஆனால் 30 டிகிரிக்கு மேல் எதுவும் தாங்காது. நம் மாவட்டங்களில் மே மாத வெயில் 40-ஐத் தொடுகிறது, டெலிவரி வண்டியின் பெட்டிக்குள் எவ்வளவு இருந்திருக்கும்! அதோடு ஃபிரீசரில் உறைந்துபோன ஊசியும் வீண்தான். அனுப்பியவரிடம் மாற்றித் தரச் சொல்லுங்கள். அடுத்த தடவை ஃபிரிட்ஜும் ஜெனரேட்டரும் உள்ள உள்ளூர் மருந்துக் கடையில், பில்லில் லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். போலிச் செமக்ளூடைட் பற்றி உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எச்சரிக்கை விட்டிருக்கிறது, அதனால் பில் இல்லாத ஊசி எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

கேள்வி: முறையாக டாக்டரிடம் காட்டி ஊசி தொடங்கியிருக்கிறேன். பிரியாணி சாப்பிடலாமா? ஆம்பூரில் இருந்துகொண்டு கேட்காமல் இருக்க முடியவில்லை.
— வாசகர், ஆம்பூர்

பதில்: சாப்பிடலாம், அரை பிளேட். வயிறு மெதுவாகக் காலியாகும் மருந்து இது, எண்ணெயும் நெய்யும் அதிகமானால் ராத்திரி முழுக்க ஏப்பமும் குமட்டலும் இருக்கும். சோற்றைக் குறைத்துக் கறித் துண்டுகளைச் சாப்பிடுங்கள், இளைக்கும்போது தசையும் சேர்ந்து கரைவதால் புரதம் வேண்டும். கத்திரிக்காய் தொக்கில் மேலே மிதக்கிற எண்ணெயை ஒதுக்கிவிடுங்கள். ஊசி போட்ட அன்றும் அளவு கூட்டிய வாரத்திலும் பிரியாணி வேண்டாம்.